குடிவழி தேடுவோர்க்கு நூல்நிலையம் தரும் உதவி

நம் அங்கத்தினர்களுள் நிலமுடையோர் பலருடைய பட்டா, காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலோ, அவர்தம் தந்தையார் பெயரிலோ இன்னும் இருந்து வருகிறது. அதனைத் தம் பெயருக்கு மாற்ற முனையும்போதுதான், அப்பெரியவருக்கு மக்கள் எத்தனை பேர், அவர்களுள் பெண்கள் எவரெவர், எவ்வூரில் வாழ்க்கைப்பட்டனர் என்னும் கேள்விகள் எழுகின்றன. விடை சொல்லவேண்டிய முதியோர் அதற்குள் மறைந்துவிடுகின்றனர். நெசவுக் குடும்பங்களின் நிலையும் இதுவே. அனகாபுத்தூரில் மூன்று தலைமுறையாகத் தறி நடத்திவரும் ஒருவரை, முதன்முதல் அங்கு வந்து தறி போட்டவர் எவ்வூரினர் என்று வினவினால், காஞ்சிபுரத்துப் பக்கம் என்றோ, ஆரணிப் பக்கம் என்றோ பொதுவாகச் சொல்வாரேயன்றி ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டார்.

இக்குறை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தபோது, தறிகளும் நெல் மூட்டைகளும் மட்டுமா அழிந்தன? பரணிலும் தகரப் பெட்டியிலும் வைத்திருந்த கிரயப் பத்திரங்களும், கிஸ்தி ரசீதுகளும், திருமணப் பத்திரிகைகளும் சேறாயின. தறியை மறுபடி பூட்டிவிடலாம். ஒரே ஒரு படியாக இருந்த காகிதத்தை மீட்பது எளிதன்று. ஆயினும், வீட்டில் அழிந்த செய்தி வேறோர் இடத்தில் பதிவாகி இருக்கக் கூடும். அவ்விடங்களை அறிந்துகொள்வதற்கு நூல்நிலையம் நல்ல வாயில். அதனுள் புகும் முறையை இங்கே விளக்க முற்படுகிறோம்.

தேடுவோர் தம்மிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். நம்மவர் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர். சோழர் காலத்துக் கல்வெட்டொன்றில் தம் குலப் பெயர் வருவதைக் கேள்வியுற்று, அங்கிருந்து கீழ்நோக்கி வரப் பார்க்கின்றனர். மாடம்பாக்கத்துக் கோயிலிலும் சோமங்கலத்துக் கோயிலிலும் கல்வெட்டுக்கள் உள்ளன என்பது மெய்யே. அவற்றிற் காணும் பெயர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளை இணைக்கும் சங்கிலி நம் கையில் இல்லை. தம் பெயர், பெற்றோர் பெயர், அவர்களைப் பெற்றோர் பெயர் என்று படிப்படியாக ஏறிச் செல்பவரே மெய்யைக் காண்பார்.

முதற்கண் வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டறிதல் வேண்டும். கேட்கும் முறையிலும் சிறிது திறமை வேண்டியிருக்கிறது. "உங்கள் பாட்டனார் எந்த ஆண்டில் பிறந்தார்?" என்றால் விடை கிடைப்பதில்லை. "பெரிய அத்தைக்குக் கல்யாணம் ஆனபோது தாம்பரத்திற்கு மின்சார ரயில் வந்துவிட்டதா?" என்று கேட்டால், அம்மையார் சற்று எண்ணிப்பார்த்துப் பதில் சொல்வார். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே மாதத்தில். சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனை 1928இல் ஏற்பட்டது. கிறிஸ்தவக் கல்லூரி சென்னை நகரிலிருந்து சேலையூர்க் காட்டுப்பக்கம் குடிபெயர்ந்தது 1937இல். இத்தகைய உள்ளூர் நிகழ்ச்சிகளை முளைக்கம்பாக நட்டுக்கொண்டால், வயதும் ஆண்டும் தாமே அகப்படும். பேசுவதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது நலம். பெயர்களை அவர்கள் உச்சரித்தவாறே எழுதிக்கொள்ளுதல் அதனினும் நலம்.

அடுத்து, வீட்டிலுள்ள பொருள்கள். பத்திரங்களை எல்லோரும் நினைப்பர். மொய் நோட்டை நினைப்பார் சிலரே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டில், எவ்வூரிலிருந்து எவரெவர் வந்து எவ்வளவு எழுதினர் என்பது வரிசையாக இருக்கும். உறவுமுறை இன்னதென்று எழுதாவிட்டாலும், தாய்மாமன் வரிசையும் பங்காளி வரிசையும் தொகையைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் விளங்கிவிடும். மறக்கலாகாத மற்றொன்று பாத்திரம். சீர்வரிசையாக வந்த பித்தளைக் குடத்திலும் அண்டாவிலும் பெயர் வெட்டும் வழக்கம் நம்மிடையே உண்டன்றோ? நிலப் பத்திரத்தில் இடம் பெறாத பெண்களின் பெயர்கள் பல, இப்பாத்திரங்களின் விளிம்பிலேதான் எஞ்சியிருக்கின்றன. பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுமுன் அவ்வெழுத்தைப் படியெடுத்துக்கொள்ளுமாறு தாய்மார்களை வேண்டுகிறோம்.

பெண்களின் பெயரைப் பற்றி இங்கே வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்று மட்டும் சொல்லித் தம் பெயரைக் கூறாத பெண்கள் நாடெங்கிலும் ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் வட மாகாணங்களைச் சேர்ந்தவர். எனினும் வம்சாவளியில் ஆண்மக்களை மட்டும் எழுதி நிறுத்தும் வழக்கம் நம் பக்கத்திலும் மிகுதி. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்குரிமை ஏற்பட்டது. ஆகவே வம்சாவளியிற் பெண்ணை விடுத்து எழுதுவது வெறும் மறதியாக நின்றுவிடுவதில்லை. ஒருவருக்குரிய பொருளையும் அது மறைத்துவிடுகிறது.

நம் பெயரிடும் முறையையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வரும் வழக்கம் நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலையெழுத்தாக நிற்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதும் வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. இதனால் ஒரே குடும்பத்தில், ஒரே ஊரில், ஒரே பெயரும் ஒரே தலையெழுத்தும் உடைய இருவர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருவர். 1900ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வருபவரும் 1950ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வருபவரும் ஒருவரே என்று அவசரப்பட்டு முடிவு செய்தால் ஒரு தலைமுறை முழுவதும் மறைந்துபோகும். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அட்டை வைத்து, பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதைக் குறிப்பது நல்ல முறை. சின்னம்மா சொன்னது என்றாலும் அப்படியே எழுதலாம். பின்னர் இரண்டு செய்திகள் முரண்படும்போது எதை நம்புவது என்று தீர்மானிக்க அக்குறிப்பே உதவும்.

இனி, காலக் கணக்கு. பழைய தஸ்தாவேஜுகளில் பிலவ, சுபகிருது என்று தமிழ் வருஷம் மட்டுமே காணப்படும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அவ்வருஷம் திரும்பி வருவதால், பிலவ வருஷம் என்றால் 1841ஆம் ஆண்டு, 1901ஆம் ஆண்டு, 1961ஆம் ஆண்டு ஆகிய மூன்றில் எதன் சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். பத்திரத்து முத்திரைத் தாளைக் கொண்டே இதனைத் தீர்மானித்தல் வேண்டும். அதில் அரசியின் உருவமா, அரசரின் உருவமா, அசோகச் சின்னமா என்று பார்த்தாலே பாதி ஐயம் தீரும். நிலவரிக் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. நிலத்தின் அளவு காணியில் இருந்தால், சென்னைக் காணி ஒன்று 24 மனை, அதாவது சற்றேறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்குச் சிறிது அதிகம் என்று கொள்க.

ஊர்ப்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். குரோம்பேட்டை என்னும் பெயரை 19ஆம் நூற்றாண்டுக் கணக்கில் எவ்வளவு தேடினாலும் காணமுடியாது. பல்லாவரத்தையடுத்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏற்பட்ட குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. இன்றுள்ள நகர்களும் காலனிகளும் அனைத்தும் பழைய ஏரிப்பாசனக் கிராமங்களின் மேல் எழுந்தவை. பட்டாவில் காணும் வருவாய்க் கிராமத்தின் பெயரே தேடுதற்கு உரிய பெயர். ஜில்லாவும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி நெடுங்காலம் சைதாப்பேட்டையில் இருந்து, 1968இல் காஞ்சிபுரம் சென்றது. 1997இல் அந்த ஜில்லா காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் அண்டைப் பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி உண்டாயிற்று. நம் பாட்டனார் குடியிருந்த வீடு நகரவே இல்லை. கணக்குப் புத்தகந்தான் ஒரு கச்சேரியிலிருந்து மற்றொரு கச்சேரிக்குச் சென்றுகொண்டே இருந்தது. எந்த ஆண்டில் எந்த அலுவலகம் என்று அறிந்து செல்பவருக்கு அலைச்சல் குறையும்.

இவ்வளவு ஆயத்தத்திற்குப் பின் நூல்நிலையத்திற்குச் செல்வோம். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் முயற்சியால் விளைந்தது. அச்சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நம்மிடமிருந்து வசூலாகிறது. ஆகவே கிளை நூலகத்தினுள் செல்வதற்கு எவரும் கூசவேண்டுவதில்லை. நம் பணத்தில் நடப்பது அது. உள்ளூர்க் கிளை நூலகத்தில் ஊர் வரலாற்று நூல்கள், கோயில் தலபுராணங்கள், விழா மலர்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பள்ளிகளும் சங்கங்களும் வெளியிட்ட பொன்விழா மலர்களை எவரும் மதிப்பதில்லை. அவற்றில்தான் நன்கொடையாளர் பெயர்களும், பழைய நிர்வாகிகளின் புகைப்படங்களும் உள்ளன.

அதற்கு மேல் தேடுவோர் எழும்பூருக்குச் செல்லவேண்டும். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் நிலையத்தில் இறங்கி நடந்தே இரண்டு கருவூலங்களை அடையலாம். பாந்தியன் சாலையில் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள கன்னிமரா பொது நூலகம் 1896ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி திறக்கப்பெற்றது. இந்தியாவில் அச்சாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி பெறும் உரிமை, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உண்டு. அங்கே முதலில் கேட்கவேண்டிய நூல், 1879இல் குரோல் என்பவர் எழுதிய செங்கற்பட்டு ஜில்லா கையேடு. அந்நாளைய நிலவரி முறை, ஏரிகள், பஞ்சங்கள், தொழில்கள் ஆகியன அதில் விரிவாக உள்ளன. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சில கிராமங்களையும் கைத்தொழில்களையும் பற்றித் தனித்தனி நூல்கள் வெளியாயின. கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலில் காஞ்சிபுரத்தை அடுத்த தூசியும் ஒன்று. உங்கள் பூர்வீக ஊர் இவற்றில் ஒன்றாக அமைந்தால் அது நற்பேறே.

மக்கள்தொகைக் கணக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1871 முதல் ஒழுங்கான கணக்கெடுப்பு நடந்திருப்பதால், அதில் நம் பாட்டனார் பெயர் இருக்கும் என்று சிலர் நம்புகின்றனர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல்களைப் பேணி வைத்துப் பின்னர் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகின்றனர். அந்நாட்டார் குடிவழி தேடுவதற்கு அதுவே முதற்கருவி. நம் நாட்டில் அவ்வாறில்லை. நமக்கு அச்சில் கிடைப்பவை எண்ணிக்கைகள் மட்டுமே. ஊரில் எத்தனை பேர், எத்தொழிலினர் என்பது தெரியும்; பெயர் தெரியாது. ஆகவே நாம் வேறு வழிகளையே நம்பவேண்டும். அவற்றுள் தலையாயது நிலக்கணக்கு.

நிலக்கணக்குக்கு உரிய இடம் எழும்பூர் ரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மதராஸ் ரிக்கார்டு ஆபீஸ் என்று முன்னர் வழங்கிய இதில் 1670ஆம் ஆண்டு முதலான தஸ்தாவேஜுகள் உள்ளன. நம் பகுதியாருக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியார் செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்றபின், பார்னார்டு என்னும் எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரி, தோப்பு, கோயில் எவை, எந்தெந்தத் தொழிலினர் எத்தனை வீட்டார், விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்பவை எல்லாம் அதில் அடங்கும். ஆங்கிலச் சுருக்கத்திற்கு மூலமாக இருந்த தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தம் கிராமத்தில் நெசவாளர் வீடு எத்தனை என்பதை இவ்வளவு நுட்பமாக அறியக்கூடிய பகுதி இந்நாட்டில் வேறு பல இல்லை. நம்மவர் அதனைப் பார்க்கச் செல்லாமல் இருப்பது வியப்பே.

பெயரையே நாடுவோர்க்கு அடுத்த நூற்றாண்டின் பதிவேடுகள் பயன்படும். 1858இல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலம் அனுபவித்தோர் ஒவ்வொருவரையும் விசாரித்து, மானியம் யாரால், எப்போது, யாருக்கு அளிக்கப்பட்டது, இப்போது அனுபவிப்போர் யார் என்று பதிவு செய்தது. கோயிற் பணி, ஊர்ப் பணி, சத்திரம், தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றிற்காக மானியம் பெற்ற குடும்பத்தார்க்கு இந்த இனாம் பதிவேடு பொன்னானது. மற்றவர் தம் கிராமத்தின் செட்டில்மெண்டு பதிவேட்டைக் கேட்கலாம். புலஎண் வரிசையில் நிலமும், பட்டாதார் பெயரும், தீர்வையும் அதில் இருக்கும். இன்றுள்ள பட்டாவின் புலஎண்ணிலிருந்து பழைய எண்ணுக்குச் செல்லுதல் வேண்டும். மறு அளவையில் எண் மாறியிருப்பின் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் பதிவேட்டையும் உடன் கேட்கவேண்டும். காப்பகத்திற்குச் செல்வோர் அடையாளச் சான்றும், தேடும் பொருளைத் தெளிவாகக் குறித்த விண்ணப்பமும், பென்சிலும் கொண்டு செல்க. மை படிந்தால் போனது போனதுதான் என்பதால், மூல ஏடுகளின் அருகே பேனாவை எடுக்கலாகாது. செங்கற்பட்டு என்பதை ஆங்கிலத்தில் சிங்கிள்புட் என்னும் ஒலிப்பில் எழுதினர். ஜாதிப் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதினவரின் காதுக்குப் பட்டவாறெல்லாம் மாறும். ஓர் எழுத்துக்கூட்டில் அகப்படாவிட்டால் நாலைந்து விதமாகத் தேடிப் பார்த்தல் வேண்டும்.

பத்திரப் பதிவு அலுவலகத்தை நூல்நிலையம் என்று சொல்லமுடியாதாயினும், அதன் அட்டவணைகள் நூல்நிலைய அட்டவணை போன்றே பயன்படுகின்றன. பதிவுச் சட்டப்படி வைக்கப்படும் முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வரிசையில் அமைந்தது. இரண்டாம் அட்டவணை சொத்து இருக்கும் இடத்தின் வரிசையில் அமைந்தது. கட்டணம் செலுத்தித் தேடலாம். கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மெண்டு ஆகிய மூன்றுள் பாகப்பிரிவினைப் பத்திரமே குடிவழி தேடுவோர்க்கு மிகச் சிறந்தது. அண்ணன் தம்பிமார், இறந்த சகோதரனின் மைனர் புதல்வன், கார்டியனாக நிற்கும் அவன் தாய் என்று ஒரு குடும்பமே அதில் வரிசையாக நிற்கும். கிரயப் பத்திரத்திலும் நான்கெல்லையைப் படிக்காமல் விடலாகாது; கிழக்கே இன்னார் நிலம் என்று வரும் அவ்வின்னார், பெரும்பாலும் பங்காளியே.

பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று ஏற்பட்டது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நாடு முழுவதற்கும் பொது. கிராமங்களிலே பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் வைத்திருந்த கணக்குகள், 1980இல் அப்பதவிகள் நீங்கியபோது பல இடங்களில் சிதறின. கிறிஸ்தவ அன்பர்கள் தம் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும், முஸ்லிம் அன்பர்கள் காஜியாரின் நிக்காஹ் பதிவேட்டையும் நாடலாம்.

எவரும் எண்ணிப்பாராத ஓர் இடம் சட்ட நூல்கள். 1876 முதல் வெளிவரும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில், மிராசு வழக்கும் தத்து வழக்கும் பாகவழக்கும் நிறைய உள்ளன. வழக்கு விளங்குவதற்காக நீதிபதிகள் கட்சிக்காரரின் வம்சாவளியையே படமாக வரைந்து அச்சிட்டிருக்கிறார்கள். குடும்பத்தில் பழைய வழக்கு ஒன்று நடந்ததாகக் கேள்வியிருந்தால், அத்தொகுதிகளின் பெயரட்டவணையைப் புரட்டிப் பார்ப்பது வீணாகாது. சண்டையிட்ட பாட்டனார்கள் நமக்குச் செய்த உபகாரம் என்றுதான் இதனைக் கொள்ளவேண்டும்.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் குறிப்பிடவேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள், சிற்றிதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டு 1994இல் எழுந்த நிலையம் அது. பிறர் குப்பை என்று எறிந்த அழைப்பிதழை ஒருவர் பொறுக்கி வைத்ததனால், இன்று அது ஆராய்ச்சிக்கு உரிய ஆவணமாயிற்று. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகமும் நம் பகுதிக்கு அண்மையிலேயே உள்ளது. எழும்பூர் வரை செல்ல இயலாதோர், தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் நடத்தும் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் வீட்டிலிருந்தே கட்டணமின்றிப் படிக்கலாம். கண் மங்கிய பெரியோர்க்குப் பேரப்பிள்ளைகள் இதில் உதவலாம்.

நெசவாளர் அங்கத்தினர்க்குத் தனியே சில சொற்கள். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளரையும் நூற்போரையும் குடியேற்றுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்டது. அந்நாளைய கோட்டை ஆலோசனைக் குறிப்புகளை ரிக்கார்டு ஆபீசார் பிற்காலத்தில் தொகுதி தொகுதியாக அச்சிட்டனர். அவை பெரிய நூல்நிலையங்களில் உள்ளன. துணி வியாபாரிகளின் பெயர்கள் அவற்றில் நிரம்ப வரும். தறியில் அமர்ந்தவரின் பெயர் அருமையாகவே வரும். புக்கானன் என்பவர் 1800ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையை விட்டுப் புறப்பட்டுக் குன்றத்தூர் வழியாகச் சென்று எழுதிய பயண நூல் 1807இல் வெளிவந்தது; வழியிலுள்ள பயிர்களையும் நெசவையும் செம்பரம்பாக்கத்து ஏரியையும் அதில் காணலாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ஜாதிகள் பற்றிய நூலை நம்மவர் ஆவலோடு புரட்டுகின்றனர். அது ஒரு கூட்டத்தாரைப் பற்றி வெளியார் கேட்டு எழுதியது. அதிலுள்ள பெருமையையும் சிறுமையையும் நம் வீட்டு வரலாற்றில் சேர்த்து எழுதுவது முறையன்று. அரசர் வழிவந்தோம் என்று அச்சிட்டு விற்கும் புத்தகங்களுக்குப் பணம் கொடுப்பதை விட, அப்பணத்திற்கு ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் வாங்குவது மேல் என்பது நம் கருத்து.

உறவினர் கடல் கடந்து சென்றதாகக் கேள்வியுள்ள குடும்பங்களும் நம்மிடையே உண்டு. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற்கப்பலாகிய டுரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. 1911 வரை அந்நாட்டிற்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர். கப்பற் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று இத்தனையும் உள்ளன. ஊரிலேயே தங்கிய அண்ணனைப் பற்றி ஒரு வரியும் கிடையாதிருக்க, கூலியாகச் சென்ற தம்பியின் அங்க அடையாளம் வரை எழுதப்பட்டிருக்கும். மொரீஷியசுக்குச் சென்றோரின் பதிவுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பேணப்படுகின்றன. அந்நாடுகளிலிருந்து பேரன் பேத்திமார் செங்கற்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டோடு இங்கு வந்து ஊரைத் தேடுகின்றனர். அவர்கள் கொண்டுவரும் பெயர் நம் வீட்டு அட்டையொன்றில் இருக்கக்கூடும்.

உயிரோடிருப்போரின் பிறந்த தேதி, ஆதார் எண், சொத்து விவரம் ஆகியவற்றை எவரும் பார்க்கும்படி இணையத்திலோ அச்சிலோ வெளியிடலாகாது. மறுமணம், தத்து, வேற்று ஜாதித் திருமணம் முதலியவற்றைக் கண்டால், அதற்குரியவரின் இசைவின்றி வெளியே பேசலாகாது. எழுதி உறையிட்டு வைக்கலாம்.

நம் கையிலேயே உள்ள ஓர் ஆவணத்தையும் சொல்லவேண்டும். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் தொடங்கிய முதற் கடன் சங்கங்களுள் ஒன்று பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் அமைந்தது. நெசவாளர் சங்கங்களின் மாகாணத் தலைமைச் சங்கம் 1935இல் எழுந்தது. கோ-ஆப்டெக்ஸ் என்று இன்று வழங்குவது அதுவே. அக்காலம் முதல் நம் சங்கங்களில் அங்கத்தினர் சேரும்போதெல்லாம் விண்ணப்பம் வாங்கியிருக்கிறோம். தந்தை பெயர், வயது, கதவிலக்கம், தறி எத்தனை, நிலம் எவ்வளவு, இறந்தபின் பங்குத் தொகை யாருக்கு என்று நியமித்த வாரிசின் பெயர், அவர் என்ன உறவு என்பன அதில் உள்ளன. வாரிசாக மனைவியின் பெயரையோ மகளின் பெயரையோ எழுதியவர் பலர். நூல்நிலையங்களில் கிடைக்காத பெண் பெயர்கள் இங்கே கைநாட்டின் அருகே இருக்கின்றன. தணிக்கை முடிந்த பழைய ரிக்கார்டு என்று இவற்றைக் கழித்துப் பழைய காகிதக்காரரிடம் எடைபோடும் வழக்கம் சில சங்கங்களில் இருந்து வருகிறது. அங்கத்தினர் பதிவேட்டையும், பங்குப் பேரேட்டையும், வாரிசு நியமனப் பதிவேட்டையும் கழிவில் சேர்க்கும் முன், பக்கம் பக்கமாகக் கைப்பேசியிற் படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்குமாறு அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவரலாம். ஏடுகளைத் தரையிலிருந்து உயர்த்தி, ஆற்று வெள்ளம் எட்டாத மாடியில் வைப்பதற்கு ஓர் இரும்பு அலமாரியின் விலைக்கு மேல் செலவு இராது.